கூரைக் குழாயை அறுத்தால் 53 டாலர்! மழைத் தண்ணீரை மண்ணுக்குத் திருப்பிய போர்ட்லேண்ட்

ஆண்டுக்குச் சுமார் 930 மில்லிமீட்டர் மழை. கிட்டத்தட்ட நம் தமிழ்நாட்டின் சராசரி அளவுதான். ஆனால், அமெரிக்காவின் மேற்குக் கடலோர மாநிலமான ஓரிகனில் இருக்கும் போர்ட்லேண்ட் நகரத்தில் அந்த மழை பெய்கிற விதமே வேறு. ஐப்பசியில் நாலு நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை அங்கே கிடையாது. அக்டோபரில் தொடங்கி மே மாதம் வரை, ஆண்டில் 150 நாள்களுக்கு மேல் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் காய்ந்துவிடும்.

இந்தத் தூறல்தான் பல ஆண்டுகளாக அந்த ஊரின் சாக்கடையைப் பொங்க வைத்து, ஊர் நடுவே ஓடும் வில்லமெட் ஆற்றில் கழிவைக் கொட்ட வைத்தது. அதைச் சரிசெய்ய நகராட்சி 140 கோடி டாலர் செலவழித்தது. அதில் பெரும்பகுதி பூமிக்கடியில் பதித்த ராட்சதக் குழாய்களுக்குப் போனது. கூடவே இன்னொரு காரியமும் செய்தது. 'உங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தோட்டத்துக்குத் திருப்புங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வீட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டது. அந்தச் சின்ன வேலை எவ்வளவு தூரம் பலன் கொடுத்தது என்பதை, ஊரின் மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நடந்தாலே பார்த்துவிடலாம்.

ஒரே குழாயில் எல்லாமும்

போர்ட்லேண்டின் பழைய பகுதிகளில் சமையலறைத் தண்ணீர், கழிவறைத் தண்ணீர், கூரைத் தண்ணீர், சாலையில் ஓடும் மழைநீர் எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்தான். 1952-ல் சுத்திகரிப்பு நிலையம் வரும் வரை அந்தக் குழாய்கள் நேராக ஆற்றில் போய் விழுந்தன. நிலையம் வந்த பிறகு, ஆற்றோரமாக ஓடும் ஒரு தாய்க்குழாய் கழிவைச் சேகரித்து அங்கே கொண்டுபோனது.

மழையில்லாத நாள்களில் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. தூறல் விழுந்தால் தாய்க்குழாய் நிறைந்துவிடும். நிறைந்த தண்ணீருக்கு வழி விடாவிட்டால், அது எதிர்த்துக்கொண்டு வீடுகளின் நிலவறைக்குள் ஏறிவிடும். அதனால், மிஞ்சுவது ஆற்றில் வழியும்படி ஆங்காங்கே திறப்பு வைத்திருந்தார்கள். வழிந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை. கழிவறைத் தண்ணீரும் கலந்த மழைத் தண்ணீர். 1990 வாக்கில் இப்படி ஆண்டுக்குச் சுமார் 600 கோடி காலன் ஆற்றில் கலந்தது. ஒரு காலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர்.

வில்லமெட், சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும் ஆறு. அதன் அழுக்கைப் பற்றி 1962-லேயே டாம் மெக்கால் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆவணப்படம் எடுத்து ஊரை உலுக்கினார். அவரே பின்னால் ஓரிகனின் ஆளுநரும் ஆனார். ஆலைக் கழிவுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. நகரத்தின் சாக்கடை வழிவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1991-ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கும் நகராட்சிக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 20 ஆண்டுகள் கெடு. 2011-க்குள் ஆற்றில் வழிவதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

குழாய்க்கு முன்னால் கூரை

வடிகால் வாய்க்கால் போதவில்லை என்றால், வாய்க்காலை அகலப்படுத்தலாம். மேட்டு வயலிலேயே வரப்பைக் கட்டித் தண்ணீரை நிறுத்தவும் செய்யலாம். போர்ட்லேண்ட் இரண்டையும் செய்தது. மேட்டு வேலையை முதலில் தொடங்கியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். எவ்வளவு தண்ணீர் குழாய்க்கு வராமல் தடுக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குக் குழாயின் சுமை குறையும்.

அதற்காக நான்கு வேலைகளைக் கையில் எடுத்தார்கள். சில இடங்களில் கழிவுக்கும் மழைக்கும் தனித்தனிக் குழாய் போட்டார்கள். தெருவோரங்களில் உறிஞ்சு கிணறுகள் இறக்கினார்கள். பல காலம் முன்பே சாக்கடைக்குள் அடைக்கப்பட்டிருந்த ஓடைகளைப் பிரித்து நேராக ஆற்றுக்கு விட்டார்கள். நான்காவது வேலை, வீட்டுக் கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து துண்டிப்பது. இந்த நான்கும் சேர்ந்து, வழிகிற தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தன.

டேபர் குன்றிலிருந்து இறங்கினால்...

நகரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது டேபர் குன்று. அணைந்துபோன எரிமலை. இன்று அது மரங்கள் அடர்ந்த பூங்கா. அதன் சரிவில் குடிநீருக்காக நூறாண்டுக்கு முன் கட்டிய தேக்கங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே இறங்கினால், ஆறு வரைக்கும் தெருத்தெருவாகப் பழைய மரவீடுகள். முன்னால் சின்னத் தோட்டம், பக்கத்தில் ஒரு நடைபாதை, கீழே நிலவறை.

அந்த வீடுகளின் கூரை ஓரத்தில் தகரப் பீலி ஓடும். நம் ஊர் ஓட்டு வீடுகளில் தாழ்வாரத்துப் பீலி இருக்குமே, அதேபோலத்தான். பீலியில் சேரும் தண்ணீர் சுவரை ஒட்டிய குழாயில் இறங்கி, தரையில் நட்ட இன்னொரு குழாய்க்குள் புகுந்து சாக்கடைக்குப் போகும். பழைய ஏற்பாடு இது.

இப்போது அந்தத் தெருக்களில் நடப்பவர்கள் வேறொரு காட்சியைப் பார்க்கலாம். சுவரில் இறங்கும் குழாய் தரைக்குச் சற்று மேலே அறுக்கப்பட்டிருக்கும். அதில் ஓர் எல்போ மாட்டி, ஒரு குழாய்த் துண்டைச் சேர்த்து, தோட்டத்தைப் பார்த்துத் திருப்பியிருப்பார்கள். தண்ணீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் இருக்க ஒரு சப்பட்டைக் கல் அல்லது கூழாங்கற்கள். பக்கத்திலேயே தரையில் பழைய குழாயின் வாய், மூடி போட்டு அடைக்கப்பட்டிருக்கும். ரம்பம், எல்போ, குழாய்த் துண்டு, திருகாணி, மூடி... வேலை இவ்வளவுதான். ஒரு குழாய்க்கு அரை நாள்கூடத் தேவையில்லை.

53 டாலர் கணக்கு

1993-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 2011 வரை நடந்தது. நகராட்சியின் ஆட்கள் பேட்டை பேட்டையாக, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வழிகள். தாங்களே குழாயைத் துண்டித்துத் தோட்டத்துக்குத் திருப்பினால், ஒரு குழாய்க்கு 53 டாலர் கிடைக்கும். 'எங்களால் முடியாது' என்றால், நகராட்சி ஆட்கள் வந்து இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

இதில் மூன்றாவதாக ஒரு கை சேர்ந்தது. தேவாலயக் குழுக்கள், சாரணர் போன்ற உள்ளூர் அமைப்புகள் அக்கம்பக்கத்து வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்தால், ஒரு குழாய்க்கு 13 டாலர் அந்த அமைப்புக்குப் போகும். சங்கத்துக்கு நிதி சேர்ந்த மாதிரியும் ஆயிற்று. தெரிந்த முகங்களே வந்து செய்வதால் வீட்டுக்காரருக்குத் தயக்கமும் குறைந்தது.

முடிவில் 56,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் துண்டிக்கப்பட்டன. ஆண்டுக்கு 100 கோடி காலனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 380 கோடி லிட்டருக்கும் அதிகமான மழைத் தண்ணீர், சாக்கடைக்குப் போகாமல் மண்ணில் இறங்கியது. ஒவ்வொரு குழாய்க்கும் 53 டாலர் கொடுத்ததாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த ஊக்கத்தொகை 30 லட்சம் டாலருக்குள்தான் வரும். வீடு வீடாகப் போன ஆட்களின் சம்பளம், நகராட்சியே செய்த வேலை என்று அதற்கு மேலும் செலவு உண்டு. ஆனாலும், 140 கோடி டாலருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சிறு தொகைதான்.

எல்லா மண்ணுக்கும் இது ஒத்துவராது

ஆற்றின் கிழக்கே போய் 'துண்டியுங்கள்' என்று சொன்ன நகராட்சி, மேற்கே இருக்கும் குன்றுப் பகுதியில் அதைச் சொல்லவில்லை. காரணம் மண். கிழக்குப் பகுதி, பனியுகத்தின் முடிவில் வந்த மாபெரும் வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் நிறைந்த நிலம். தண்ணீர் விட்டால் குடித்துவிடும். மேற்குக் குன்றுகளில் இருப்பதோ காற்றில் வந்து படிந்த நுண்ணிய வண்டல். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஊறினால் சரிவே சறுக்கிவிடும். அங்கே கூரைத் தண்ணீரைத் தோட்டத்தில் விட்டால், கீழ்வீட்டுக்காரரின் சுவருக்கு ஆபத்து.

கிழக்கிலும் எல்லா வீட்டுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. தண்ணீர் விழுகிற மண்பரப்பு, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் தரும் கூரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. 500 சதுர அடிக் கூரைக்கு 50 சதுர அடி மண். முற்றம் முழுவதும் சிமென்ட் போட்டுவிட்ட வீட்டில் தண்ணீரைத் திருப்ப இடம் ஏது? நிலவறை உள்ள வீட்டில் குழாயின் வாய் அடித்தளத்திலிருந்து 6 அடி தள்ளி இருக்க வேண்டும். நிலவறை இல்லாவிட்டால் 2 அடி போதும். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 5 அடி விலகல் வேண்டும்.

இந்த அளவுகளைக் கறாராக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டின் நிலவறையில் ஈரம் ஏறினால் போதும், அந்தத் தெருவில் அடுத்து யாரும் குழாயை அறுக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

டிரம்மை விட மண்ணே பெரிய தொட்டி

குழாய்க்குக் கீழே டிரம் வைத்துப் பிடிக்கலாமே என்று தோன்றும். போர்ட்லேண்டிலும் பல வீடுகளில் டிரம் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் இறங்கும். 200 லிட்டர் டிரம், 2 மில்லிமீட்டர் மழையிலேயே நிறைந்துவிடும். அங்கே மழை பெய்யும் குளிர்காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது. தேவைப்படும் கோடையில் மழை இருக்காது. டிரம் நிறைந்தபடியே நின்றால், அடுத்த மழைக்கு அது இருந்தும் பயனில்லை.

அதனால்தான் மண்ணையே தொட்டியாக்கினார்கள். 'மழைத் தோட்டம்' என்று அதற்குப் பெயர். தோட்டத்தில் ஓர் ஆழமில்லாத பள்ளத்தைத் தட்டுப்போல வெட்டி, கூரைத் தண்ணீரை அதில் விடுவார்கள். ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் கோரை, புல் வகை, பெரணி, புதர்ச் செடிகளை நடுவார்கள். வேர்கள் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். நிறைந்தால் வழிவதற்கு ஒரு பக்கம் வாய் இருக்கும். ஓரிரு நாளில் தண்ணீர் முழுவதும் இறங்கிவிட வேண்டும். நின்றால் கொசுதான் மிச்சம்.

வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிப்பது அவசியம். ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 2 அங்குலமாவது இறங்கினால் அங்கே பள்ளம் வெட்டலாம். விவசாயிக்கு இது புதிய பாடம் இல்லை. எந்த வயல் தண்ணீர் குடிக்கும், எது நிறுத்தி வைக்கும் என்பது அவர் காலுக்கே தெரியும்.

தெருவுக்கும் ஒரு பாத்தி

கூரைத் தண்ணீரை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். சாலையில் ஓடுவது? வடகிழக்குப் பகுதியில் உள்ள சிஸ்கியூ தெருவில் 2003-ல் ஒரு சோதனை நடந்தது. சாலையின் இரு ஓரத்திலும் வண்டி நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் எடுத்து, 7 அடி அகலம், 50 அடி நீளத்தில் பள்ளமான பாத்திகள் அமைத்தார்கள். சாலையோரம் ஓடிவரும் தண்ணீர், கரைக்கல்லில் விட்ட இடைவெளி வழியாகப் பாத்திக்குள் நுழையும். உள்ளே சிறு சிறு தடுப்புகள். ஒரு கட்டில் தண்ணீர் நிறைந்தால் அடுத்த கட்டுக்கு வழியும். சரிவு நிலத்தில் தடுப்பணை கட்டுகிற அதே சூத்திரம். கடைசிக் கட்டும் நிறைந்தால் மட்டுமே மிச்சம் சாக்கடைக்குப் போகும்.

இந்த ஒரு தெருவைப் பார்த்து நகரம் முழுவதும் 'பசுமைத் தெருக்கள்' வந்தன. டேபர் குன்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் பழுதான சாக்கடைகளை மாற்ற, குழாயை மட்டும் நம்பினால் 14.4 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பாத்தி, மரம், மழைத் தோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துத் திட்டமிட்டபோது மதிப்பீடு 9 கோடிக்கும் கீழே இறங்கியது.

ரசீதில் இரண்டு பங்கு

53 டாலர் ஒருமுறை கொடுப்பது. பிறகும் அந்தக் குழாயை ஒழுங்காக வைத்திருக்க ஒரு காரணம் வேண்டுமே? 2006-ல் அதற்கு வழி செய்தார்கள். அங்கே வீட்டுத் தண்ணீர் ரசீதிலேயே மழைநீர்க் கட்டணமும் இருக்கும். அதை இரண்டாகப் பிரித்தார்கள். 35 சதவிகிதம் வீட்டு மனையில் விழும் மழைக்கு. 65 சதவிகிதம் சாலை போன்ற பொது இடங்களில் விழும் மழைக்கு. தன் மனையின் தண்ணீரைத் தானே மண்ணில் இறக்குபவருக்கு அந்த 35 சதவிகிதம் முழுவதுமாகக்கூடத் தள்ளுபடி ஆகும். மீதி 65 சதவிகிதம் எல்லோரும் கட்ட வேண்டும். ஏனென்றால், சாலையில் எல்லோரும்தான் போகிறார்கள்.

ஆற்றங்கரையில் கிடைத்த பலன்

இறக்கம் முடிந்து ஆற்றங்கரைக்கு வந்தால், நடப்பவர்களின் காலுக்கு வெகு ஆழத்தில் ஓடுகிறது அந்தப் பெரிய குழாய். கிழக்குக் கரையில் சுமார் 6 மைல் நீளம், 22 அடி விட்டம். மேற்குக் கரையில் மூன்றரை மைல், 14 அடி விட்டம். சொன்னபடி 2011-ல் வேலை முடிந்தது. வில்லமெட்டில் வழிவது 94 சதவிகிதம் குறைந்தது. முன்பு மழைக்கு மழை வழிந்த சாக்கடை, இப்போது குளிர்காலத்தில் சராசரியாக நாலு முறையும், கோடையில் மூன்றாண்டுக்கு ஒரு முறையும் மட்டும் வழியலாம் என்ற கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது.

கால் நனைக்கத் தயங்கிய ஆற்றில் இன்று கோடையில் மக்கள் நீந்துகிறார்கள். 2017-ல் பாலத்துக்குக் கீழே ஒரு குளியல் கரையை நகராட்சியே திறந்துவைத்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பெருமழையில் இன்னும் வழிகிறது. அப்போது இரண்டு நாள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை வருகிறது. துறைமுகப் பகுதியின் அடிச்சேற்றில் பழைய ஆலைகள் விட்ட நஞ்சு கிடக்கிறது. அதை எந்தக் கூரைக் குழாயும் சரிசெய்யாது. 140 கோடி டாலரும் வானத்திலிருந்து விழவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏறிய சாக்கடைக் கட்டணமாக அந்த ஊர் மக்களே கட்டினார்கள்.

நோக்கம் வேறு, வேலை ஒன்று

போர்ட்லேண்டுக்குக் குடிநீர் மலைக்காட்டிலிருந்து வருகிறது. அவர்கள் கூரைத் தண்ணீரை மண்ணில் விட்டது கிணறு ஊறுவதற்காக அல்ல. சாக்கடை பொங்காமல் இருப்பதற்காக. நமக்குக் கிணறும் ஆழ்துளைக் குழாயும் ஊற வேண்டும். நோக்கம் வேறு என்றாலும், செய்கிற வேலை ஒன்றேதான்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. அப்போது மாட்டிய குழாய்கள் இன்னும் பல சுவர்களில் தொங்குகின்றன. அவை போய்ச் சேரும் தொட்டிகள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது அந்தந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். போர்ட்லேண்ட் சட்டத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொண்டது. வீடு தேடிப் போய்ப் பேசியது, மண் ஒத்துவராத இடத்தில் 'வேண்டாம்' என்று சொன்னது, செலவில் பங்கு போட்டது, பராமரிப்பவருக்கு ரசீதில் குறைத்தது. 56,000 குழாய்களும் திரும்பியது அதனால்தான். ஓர் ஊராட்சியோ, ஒரு விவசாயிகள் குழுவோ பத்து வீடுகளில் தொடங்கிப் பார்க்க, இதில் பெரிய செலவுள்ள விஷயம் எதுவுமில்லை.

கூரைத் தண்ணீரைத் திருப்பும்போது கவனிக்க...

* ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முதலில் உங்கள் கூரைக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

* தண்ணீர் விடும் மண்பரப்பு, கூரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது தூறல் மழை பெய்யும் ஊரின் அளவு. ஒரே நாளில் கொட்டும் நம் மழைக்கு அதைவிடக் கூடுதல் இடமும், வழிந்தோட ஒரு வாயும் கட்டாயம் வேண்டும்.

* சுவரை ஒட்டித் தண்ணீர் விழக் கூடாது. குழாயை நீட்டி, தரை வாட்டம் வீட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கும்படி பாருங்கள்.

* கழிவறைத் தொட்டி இருக்கும் இடத்திலும், செங்குத்தான சரிவிலும், பக்கத்து வீட்டுச் சுவரோரமும் விட வேண்டாம்.

* குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகே பள்ளம் வெட்டுங்கள். களிமண்ணில் தண்ணீர் நின்றுவிடும்.

* மழைக்காலத்துக்கு முன் பீலியில் சேர்ந்த சருகை அள்ளுங்கள். முதல் மழைத் தண்ணீரில் தூசும் பறவை எச்சமும் இருக்கும். அதைக் கிணற்றில் நேராக விடாமல் மரத்தடிக்குத் திருப்புங்கள்.